சாவி டிக்கிக்குள், கதவுகள் பூட்டியபடி: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

கார், ஆறு வருடம் ஓடிய ஒரு செடான். பட்டனை அழுத்தி ஸ்டார்ட் செய்யும் வகை. ஸ்மார்ட் கீ பையில் இருந்தாலே கதவு திறக்கும். உரிமையாளர் நாற்பதுகளில் உள்ள பெண். அன்று வண்டியை ஓட்டியவரும் அவரே. உடன் வந்தவர் எழுபதைத் தாண்டிய அவருடைய அப்பா. அவர் தினமும் இரவுச் சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் போட்டுக்கொள்பவர். இன்சுலின் பேனா மகளின் கைப்பையில் இருந்தது.

காருக்கு இரண்டு சாவிகள். இரண்டாவது சாவி வீட்டில். சம்பவம் நடந்த இடத்திலிருந்து வீட்டுக்கு மூன்று மணி நேரப் பயணம். அன்று வீட்டில் யாரும் இல்லை.

அறிகுறி இல்லாமல் நடந்த விஷயம் அல்ல இது. இரண்டு வாரங்களாகவே, வண்டியை அணைக்கும்போதெல்லாம் சாவியின் பேட்டரி குறைந்துவிட்டதாக டேஷ்போர்டில் ஒரு செய்தி வந்து மறைந்துகொண்டிருந்தது. கதவுக் கைப்பிடியில் உள்ள பட்டனைச் சில நேரம் இரண்டு மூன்று தடவை அழுத்த வேண்டியிருந்தது. வண்டி வழக்கம்போல் ஸ்டார்ட் ஆனதால் செல் மாற்றும் வேலை தள்ளிப்போனது.

ஸ்மார்ட் கீ வேலை செய்யும் முறை தெரிந்தால்தான் பிறகு நடந்தது புரியும். கைப்பிடி, டிக்கி, காரின் உட்புறம் என்று பல இடங்களில் சிறிய ஆன்டெனாக்கள் இருக்கின்றன. பட்டனை அழுத்தியதும் அவை 125 அல்லது 134 கிலோஹெர்ட்ஸ் அளவிலான தாழ்வான அலைவரிசையில் சாவியைக் கூப்பிடும். இந்த அலை எட்டும் தூரம் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். அது கேட்டால் சாவி விழித்துக்கொண்டு 315 அல்லது 433 மெகாஹெர்ட்ஸில் பதில் அனுப்பும். பதில் அனுப்பத் தேவையான மின்சாரம் சாவிக்குள் இருக்கும் 3 வோல்ட் பட்டன் செல்லிலிருந்து வருகிறது. பதில் வராவிட்டால் காரைப் பொறுத்தவரை அங்கே சாவியே இல்லை.

உள்ளே சாவி இருக்கும்போது காரைப் பூட்ட முயன்றால் கார் பீப் ஒலி எழுப்பி மறுக்கும். டிக்கிக்குள் சாவியை வைத்து மூடினால் டிக்கி மறுபடி திறந்துகொள்ளும். உரிமையாளருக்கு இது தெரியும். முன்பு ஒருமுறை அப்படித் திறந்ததைப் பார்த்தும் இருக்கிறார். சாவி உள்ளே மாட்டிக்கொள்ள வாய்ப்பே இல்லை என்ற நம்பிக்கை அதிலிருந்து வந்தது. ஆனால் அந்தப் பாதுகாப்பு முழுவதும் சாவியின் பதிலை நம்பித்தான் இருக்கிறது. செல் பலவீனமானால் முதலில் போவதும் அந்தப் பதில்தான்.

நடந்தது

பிற்பகல் 1.40. திறந்தவெளி வாகன நிறுத்தம், நல்ல வெயில். இருவரும் இறங்கினார்கள். உரிமையாளர் ஓட்டுநர் பக்கக் கைப்பிடிப் பட்டனை அழுத்திக் கதவுகளைப் பூட்டினார். சாவி தோளில் தொங்கிய கைப்பையில்.

பிறகு டிக்கியில் இருந்த ஒரு கோப்பு நினைவுக்கு வந்தது. டிக்கிப் பட்டனை அழுத்தினார், திறந்தது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இந்தக் காரில் டிக்கியைத் தனியாகத் திறந்தால் கதவுகளின் பூட்டு விலகாது. கோப்பு அடியில் இருந்ததால் இரண்டு கைகளும் தேவைப்பட்டன. கைப்பையைக் கழற்றி டிக்கிக்குள்ளேயே, பின் சீட்டின் முதுகை ஒட்டி, லேப்டாப் பைக்கும் எவர்சில்வர் தண்ணீர் பாட்டிலுக்கும் நடுவில் வைத்தார். கோப்பை எடுத்தார், மூடினார். பீப் ஒலி இல்லை. டிக்கி திரும்பத் திறக்கவும் இல்லை.

பலவீனமான செல் ஒரு காரணம். சுற்றிலும் உலோகமும் லேப்டாப்பும் இருந்து அலையை மறைத்தது இன்னொரு காரணம். தோளில் இருந்தபோது தட்டுத்தடுமாறி பதில் சொன்ன சாவி, அந்த மூலையில் சொல்லவில்லை. கதவு ஏற்கெனவே பூட்டியிருக்க, டிக்கியை மட்டும் திறந்து மூடுவதுதான் இந்த வகைக் கார்களில் சாவி மாட்டிக்கொள்ளும் வழக்கமான பாதை. கதவு திறந்திருந்தால் மாட்டிக்கொண்ட சாவியை உள்ளே போய் எடுத்துவிடலாம்.

ஐந்து நிமிடம் கழித்து, பர்ஸ் தேவைப்பட்டபோது தெரியவந்தது. கைபேசி மட்டும் கையில் இருந்தது.

முதல் முக்கால் மணி நேரம்

நான்கு கதவுகளையும் இழுத்துப் பார்த்தார்கள். டிக்கிப் பட்டனைப் பல தடவை அழுத்திப் பார்த்தார்கள். இது வீண் முயற்சி அல்ல. டிக்கிக்குள் இருக்கும் சாவி சில சமயம் வெளி ஆன்டெனாவின் அழைப்புக்கே பதில் சொல்லிவிடும். பின்பகுதியை அமுக்கி அசைத்து, பை சற்று நகர்ந்ததும் மறுபடி அழுத்திப் பார்ப்பதும் சரிதான். இங்கே பலன் இல்லை.

இந்த மாடலுக்குக் கைபேசிச் செயலி மூலம் கதவைத் திறக்கும் வசதி உண்டு. ஆனால் அதற்கான சந்தா முதல் ஆண்டோடு முடிந்திருந்தது. சந்தாவைப் புதுப்பித்தாலும் காரோடு செயலியை மறுபடி இணைக்கச் சாவியோடு உள்ளே உட்கார வேண்டியிருந்தது. அந்த வழி அடைபட்டது.

பிறகு உதவ வந்தவர்களால் நிலைமை கெட்டது. ஒருவர் நீளமான இரும்பு ஸ்கேலோடு வந்து, ஓட்டுநர் கதவின் கண்ணாடிக்கும் ரப்பர் பீடிங்குக்கும் நடுவில் செருகிப் பத்து நிமிடம் துழாவினார். பழைய கார்களில் பூட்டோடு இணைந்த கம்பி கதவுக்குள் நேராக இறங்கும். அதைக் கொக்கி போட்டு இழுத்தால் திறந்துவிடும். இப்போதைய கதவுகளில் அந்தக் கம்பிக்குப் பதில் உறைக்குள் ஓடும் கேபிள் இருக்கிறது, பூட்டைச் சுற்றி மறைப்புத் தகடும் இருக்கிறது. ஸ்கேலுக்கு அங்கே பிடிக்க எதுவும் இல்லை. கிடைப்பதெல்லாம் ஒயர்கள், கண்ணாடி ஏறி இறங்கும் பாதை, கேபிளைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கிளிப்புகள், சில கார்களில் பக்கவாட்டு ஏர்பேகுக்கான உணரி. பீடிங்கின் உதடு ஒரு விரல் நீளத்துக்குக் கிழிந்ததைப் பார்த்ததும் உரிமையாளர் நிறுத்தச் சொன்னார். அன்று எடுத்த முடிவுகளிலேயே அதிகச் சேதத்தைத் தவிர்த்தது அதுதான் என்பது எங்கள் மதிப்பீடு.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

மணி 2.30. இந்த இடத்தில் நின்று யோசித்தார்கள்.

முதல் கேள்வி, அவசரம் எது என்பது. காருக்குள் ஆள் இல்லை, விலங்கு இல்லை, இன்ஜின் ஓடவில்லை. அவசரம் என்று தோன்றியது அப்பாவின் இன்சுலின் மட்டும். வெயிலில் மூடிய காருக்குள் வெப்பம் வேகமாக ஏறும். ஏறும் சூட்டின் பெரும்பகுதி முதல் அரை மணி நேரத்திலேயே ஏறிவிடும். பயன்பாட்டில் உள்ள இன்சுலினை 30 டிகிரி செல்சியசுக்கு மேல் வைக்கக் கூடாது என்பது பொதுவான அறிவுரை. அப்படியானால் டிக்கியை உடனே திறந்தாலும் அந்தப் பேனாவை நம்ப முடியாது. மருந்துச் சீட்டின் படம் கைபேசியில் இருந்தது. அருகில் உள்ள மருந்துக்கடையில் புதிய பேனாவும் ஊசி முனைகளும் வாங்கினார்கள். பணம் கைபேசி மூலமே செலுத்தப்பட்டது. அப்பா நிழலில் உட்கார வைக்கப்பட்டார், தண்ணீர் கொடுக்கப்பட்டது. மருந்துப் பிரச்சினை வேறு, கார்ப் பிரச்சினை வேறு என்று பிரித்ததும் அவசரம் என்ற அழுத்தம் முழுவதும் போய்விட்டது. பொறுமையாகத் திறக்கும் வழியைத் தேர்ந்தெடுக்க முடிந்தது அதனால்தான்.

இரண்டாவது, கண்ணாடியை உடைப்பது. பின் கதவை ஒட்டிய முக்கோணச் சின்னக் கண்ணாடியை உடைத்தால் செலவு குறைவு என்று கூடியிருந்தவர்கள் சொன்னார்கள். இது பரவலாக நம்பப்படும் தவறு. பல கார்களில் அந்தக் கண்ணாடி பசை போட்டு ஒட்டப்பட்டது. அதைச் சுரண்டி எடுத்துப் புதிதாக ஒட்டும் வேலை, ஏறி இறங்கும் கதவுக் கண்ணாடியை மாற்றுவதைவிடக் கூடுதலாகவே இழுக்கும். தவிர, கண்ணாடியை உடைத்தால் கதவு வரைதான் வழி கிடைக்கும். சாவி இருந்ததோ டிக்கியில்.

குழந்தையோ முதியவரோ விலங்கோ உள்ளே இருந்திருந்தால் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. அப்போது அவசர உதவி எண்ணை அழைத்துக்கொண்டே கண்ணாடியை உடைக்க வேண்டும். உள்ளே இருப்பவருக்கு மிகத் தள்ளி இருக்கும் பக்கக் கண்ணாடியைத் தேர்ந்தெடுத்து, நடுவில் அடிக்காமல் ஓரத்து மூலையில் கூரான கடினப் பொருளால் அடிக்க வேண்டும். முன் கண்ணாடியை அடிப்பது வீண். அது இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்தது, விரிசல் விடுமே தவிர வழி விடாது. சில புதிய கார்களில் முன் கதவுக் கண்ணாடிகளும் அதே வகை. அதனால் முதல் அடியில் உடையாவிட்டால் பின் கதவுக்கு நகர வேண்டும்.

மூன்றாவது, வீட்டில் இருக்கும் இரண்டாவது கார்ச் சாவி. போக மூன்று மணி, வர மூன்று மணி. வீட்டைத் திறக்கும் சாவியும் கைப்பைக்குள்தான். அது கைவிடப்பட்டது.

எஞ்சியது, காப்பீட்டோடு சேர்ந்து வந்த சாலையோர உதவி. காப்பீட்டு ஆவணம் மின்னஞ்சலில் இருந்ததால் எண் உடனே கிடைத்தது. எதிர்முனையில் கேட்ட கேள்விகள் மூன்று: உள்ளே யாராவது இருக்கிறார்களா, வண்டி ஓடிக்கொண்டிருக்கிறதா, சாவி உட்புறத்திலா டிக்கியிலா. மூன்றாவதற்கான பதிலை வைத்துத்தான் எந்தக் கருவியோடு ஆள் அனுப்புவது என்று தீர்மானிக்கிறார்கள். சாவி உள்ளே மாட்டிக்கொண்டது என்று மட்டும் சொல்வது போதாது.

கதவு திறந்த விதம்

மெக்கானிக் 3.40-க்கு வந்தார். முதலில் வண்டி இவருடையதுதானா என்று பார்த்தார். பதிவுச் சான்று காருக்குள் இருந்தது. கைபேசியில் இருந்த நகலையும் பதிவு எண்ணையும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டார். இதைச் சரிபார்க்காமல் கருவியை எடுக்கும் ஆளை யாரும் காரின் பக்கம் விடக் கூடாது.

அவர் அடுத்துக் கேட்டது இதுதான்: "மேடம், கடைசியா எப்படி லாக் பண்ணீங்க?"

இந்தக் கேள்வியில்தான் மொத்த வேலையும் அடங்கியிருக்கிறது. வெளியிலிருந்து சாவியால் பூட்டிய கார் ஒரு நிலையில் இருக்கும். உள்ளிருந்து பட்டனால் பூட்டியது வேறு நிலையில் இருக்கும். ஓடத் தொடங்கியதும் தானாகப் பூட்டிக்கொண்டது இன்னொரு நிலை. சாவியால் பூட்டினால் அலாரம் விழிப்பில் இருக்கும், உள்ளே இருக்கும் பூட்டுப் பட்டன்கள் பெரும்பாலும் செயலிழந்திருக்கும். சில கார்களில் டெட்லாக் விழுந்துவிடும். அப்படி விழுந்தால் உள் கைப்பிடியை இழுத்தாலும் கதவு திறக்காது. கண்ணாடியை உடைத்தவர்கூட ஜன்னல் வழியாகத்தான் நுழைய வேண்டும். கம்பி நுழைத்து இழுக்கும் வேலையே அங்கே பயன்படாது. இந்த மாடலில் டெட்லாக் இல்லை என்பதைத் தயாரிப்பாளரின் கையேட்டைக் கைபேசியில் திறந்து உறுதிசெய்த பிறகே அவர் வேலையைத் தொடங்கினார்.

ஓட்டுநர் கதவை அவர் தொடவில்லை. ஸ்கேல் போட்ட கதவுக்குள் என்ன கழன்றிருக்கிறது என்று தெரியாது. ஸ்டீயரிங் இல்லாத பக்கத்தில் கம்பி தடையின்றித் திரும்பும். எனவே முன் பயணி கதவு.

கதவுச் சட்டத்தின் பின்மேல் மூலையில் பெயின்ட் கீறாமல் துணியும் மெல்லிய பிளாஸ்டிக் தகடும் வைத்தார். பிளாஸ்டிக் ஆப்பு ஒன்றைக் கையால் தள்ளி, கிடைத்த இடுக்கில் தட்டையான காற்றுப்பையை நுழைத்தார். கைப் பம்ப்பால் சிறிது சிறிதாக ஊதினார். ஒரு சென்டிமீட்டர் அளவு இடைவெளி வந்ததும் நிறுத்திவிட்டார். கம்பி நுழைய அவ்வளவே போதும். அதற்குமேல் ஊதினால் சட்டம் வளைந்து, பிறகு ஓடும்போது காற்று இரைச்சலும் மழையில் நீர்க்கசிவும் நிரந்தரமாகிவிடும்.

ரப்பர் உறையிட்ட நீளக் கம்பியை உள்ளே விட்டு முதலில் பூட்டுப் பட்டனை அமுக்கினார். எதிர்பார்த்தபடியே அசைவில்லை. கம்பியைத் திருப்பி உள் கைப்பிடியின் பின்னால் கொக்கி போட்டார். முதல் இழுப்பில் பூட்டு விலகும் சத்தம் கேட்டது. இரண்டாவது இழுப்பில் கதவு திறந்தது. அந்தக் கணமே அலாரம் அலறியது. அலறும் என்று அவர் முன்கூட்டியே சொல்லியிருந்ததால் அப்பா பதறவில்லை. அருகில் வண்டி நிறுத்தியிருந்தவர்களுக்கும் தகவல் சொல்லப்பட்டிருந்தது.

டிக்கியும் அலாரமும்

டேஷ்போர்டில் இருந்த டிக்கிப் பட்டன் வேலை செய்யவில்லை. அலாரம் விழிப்பில் இருக்கும்போது அதுவும் முடக்கப்பட்டிருக்கும். பின் கதவை உள்ளிருந்தே கைப்பிடியால் திறந்து, பின் சீட்டுத் தோளில் இருந்த நெம்புகோலை இழுத்து முதுகைச் சாய்த்தார்கள். கைப்பை அங்கேயே, கை எட்டும் தூரத்தில் இருந்தது. நெம்புகோல் டிக்கிக்குள் மட்டும் அமைந்த கார்களும் உண்டு. அவற்றில் இந்த வழி கிடைக்காது. டிக்கிக்கு வேறு ஏற்பாடு வேண்டும்.

ரிமோட் பட்டனை அழுத்தியும் அலாரம் நிற்கவில்லை. செல் அவ்வளவு இறங்கியிருந்தது. மெக்கானிக் சாவியை ஸ்டார்ட் பட்டனின் மேல் ஒட்டிப் பிடிக்கச் சொன்னார். பிரேக்கை மிதித்துப் பட்டனை அழுத்தியதும் வண்டி ஸ்டார்ட் ஆனது, அலாரம் நின்றது. சாவிக்குள் செல் இல்லாமலே வேலை செய்யும் ஒரு சிப் இருக்கிறது. ஸ்டார்ட் பட்டனைச் சுற்றியுள்ள சுருளிலிருந்தே அது மின்சாரம் எடுத்துக்கொள்ளும். சில மாடல்களில் ஒட்ட வேண்டிய இடம் ஸ்டீயரிங் தண்டிலோ கப் ஹோல்டரிலோ இருக்கும். கையேட்டில் படம் இருக்கும். அலாரத்தை நிறுத்த பேட்டரி ஒயரைக் கழற்றும் யோசனையும் அங்கே வந்தது. அது தேவையில்லாத வேலை. சில அலாரங்களுக்குச் சொந்த பேட்டரி இருப்பதால் நிற்காமலும் போகலாம்.

மணி 4.05. வெயிலில் கிடந்த இன்சுலின் பேனா பயன்படுத்தப்படவில்லை.

பின்விளைவு

மறுநாள் ஒர்க்‌ஷாப்பில் ஓட்டுநர் கதவின் உட்புற அட்டையைக் கழற்றிப் பார்த்தார்கள். கண்ணாடியின் வெளிப் பீடிங் மாற்ற வேண்டியிருந்தது. பூட்டுக் கேபிளைப் பிடித்திருந்த கிளிப் ஒன்று தெறித்துக் கதவின் அடியில் கிடந்தது. அதை மறுபடி மாட்டினார்கள். ஒயர்கள் தப்பியிருந்தன. இன்னும் சில நிமிடம் துழாவியிருந்தால் கேபிளும் நழுவியிருக்கும் என்பது அங்கிருந்த மெக்கானிக்கின் கருத்து.

பயணி கதவின் சட்டம் வளைந்திருக்கிறதா என்று இரண்டு விதமாகச் சோதித்தார்கள். மேல்விளிம்பு நெடுக, ஒரு காகிதத் துண்டை வைத்துக் கதவைச் சாத்தி இழுத்துப் பார்த்தார்கள். எல்லா இடத்திலும் ஒரே இறுக்கத்தோடு வந்தது. எங்காவது வழுக்கிக்கொண்டு வந்திருந்தால் அங்கே சட்டம் விலகியிருக்கிறது என்று பொருள். பிறகு குழாய்த் தண்ணீரை மேலிருந்து ஐந்து நிமிடம் விட்டு உள்ளே தொட்டுப் பார்த்தார்கள். ஈரம் இல்லை.

சாவியின் பழைய செல் 2.6 வோல்ட் காட்டியது. புதியது 3 வோல்ட்டுக்குச் சற்று மேலே இருக்கும். இந்த வித்தியாசம் சிறியதாகத் தோன்றும். ஆனால் அலை அனுப்பும் நொடியில் பலவீனமான செல்லின் மின்னழுத்தம் இன்னும் சரியும், அங்கேதான் பதில் தவறிப்போகிறது. இரண்டு சாவிகளிலும் சிஆர் 2032 செல் மாற்றப்பட்டது. ஸ்மார்ட் கீக்குள் செருகியிருக்கும் இரும்புச் சாவியை உருவி எடுத்தால் தெரியும் பள்ளத்தில் துணி சுற்றிய தட்டை முனையை வைத்துத் திருகினால் உறை பிரியும். செல்லின் கூட்டல் குறி எந்தப் பக்கம் இருந்தது என்று பார்த்து, விளிம்பைப் பிடித்து வைக்க வேண்டும். பழைய செல்லை மேசையில் போட்டுவைக்கக் கூடாது. குழந்தை விழுங்கினால் உணவுக்குழாயில் சிக்கி, இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே அதை அரித்துவிடக்கூடும்.

மாற்றிக்கொண்டவை

சாவி இப்போது கைப்பையில் இல்லை. உடையின் பையில் இருக்கிறது. டிக்கியை மூடுமுன் உடைப் பையைத் தொட்டுப் பார்ப்பது வழக்கமாகியிருக்கிறது. பேட்டரி எச்சரிக்கை வந்தால் அந்த வாரமே செல் மாற்றுவது, எச்சரிக்கை வராவிட்டாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது என்று முடிவானது.

நாங்கள் மிக முக்கியமாகக் கருதும் மாற்றம் வேறு. இரண்டாவது ஸ்மார்ட் கீக்குள் ஒளிந்திருந்த இரும்புச் சாவியை மட்டும் உருவி அப்பாவின் பர்ஸில் வைத்தார்கள். ஓட்டுநர் கதவுக் கைப்பிடியின் ஓரத்தில் ஒரு மூடி இருக்கும். அதன் அடியில் உள்ள சிறு துளையில் சாவி முனையை நுழைத்து நெம்பினால் மூடி கழன்று சாவித்துளை தெரியும். அந்த இரும்புச் சாவியால் வண்டியை ஸ்டார்ட் செய்ய முடியாது, திறந்ததும் அலாரமும் அடிக்கலாம். ஆனால் கதவு திறந்துவிடும். அன்று அது அப்பாவிடம் இருந்து, சாவித்துளையும் திரும்பியிருந்தால் 1.50-க்கே விஷயம் முடிந்திருக்கும். முழு ஸ்மார்ட் கீயைக் காரின் அடியில் எங்காவது ஒளித்துவைப்பது தவறு. சாவி பக்கத்திலேயே இருப்பதால் யார் கைப்பிடியைத் தொட்டாலும் கார் திறந்துகொள்ளக்கூடும்.

இரும்புச் சாவியைப் போட்டுத் திருப்பிப் பார்த்தபோது முதல் தடவை அது அசையவே இல்லை. ஆறு வருடமாக யாரும் பயன்படுத்தாத சாவித்துளை அது. கிராஃபைட் பொடி தூவி மெதுவாகத் திருப்பித் திருப்பிச் சரிசெய்தார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதைப் பயன்படுத்திப் பார்ப்பதாக ஏற்பாடு.

கடைசியாக, ஒரு கதவின் கண்ணாடியை முழுவதும் இறக்கிவிட்டு, புதிய செல் போட்ட சாவியை டிக்கியின் வெவ்வேறு இடங்களில் வைத்து மூடிச் சோதித்தார்கள். நடுவில் வைத்தபோதும் பக்கவாட்டில் வைத்தபோதும் டிக்கி பீப் ஒலியோடு திரும்பத் திறந்தது. லேப்டாப் பைக்கு அடியில், சீட்டு முதுகை ஒட்டி வைத்தபோது மூன்றில் ஒரு தடவை சத்தமில்லாமல் பூட்டிக்கொண்டது. உலோகப் பொருள்களுக்கும் மின்சாதனங்களுக்கும் அருகில் சாவி கண்டறியப்படாமல் போகலாம் என்று அந்தக் காரின் கையேட்டிலேயே அச்சாகியிருக்கிறது.